விரலுக்குள் சாக்பீஸ்



போன மாதம் எங்கள் ஒரகடம் ரேஷன் கடையில் நடந்தது இது. (அம்பத்தூர் ஒரகடம். கார் கம்பெனிகள் இருக்கும் ஒரகடம் இல்லை. இந்தக் குழப்பத்தால் என் வீட்டுக்கு வரவேண்டிய ஒரு சொந்தக்காரர் ஸ்ரீபெரும்புதூர் வரை போய்த் திரும்பியிருக்கிறார்.) கைரேகைக் கருவியில் வலது ஆள்காட்டி விரலை வைத்தேன். எடுக்கவில்லை. நடுவிரல், அதுவும் இல்லை. கட்டைவிரலை வைத்தால் நுனி மட்டும் தொடுகிறது, சதை கண்ணாடியில் படியவில்லை. "நல்லா அழுத்தி வைங்க ஐயா" என்றது பில் போடும் பெண். அழுத்தினால்தானே! விரல் நேராக நீள வேண்டுமே. இடது கையில் ஒவ்வொன்றாக முயன்று முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "பெரியவரே, வீட்ல வேற யாராச்சும் இருந்தா அனுப்பக் கூடாதா?" என்றார் ஒருவர். கடைசியில் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கினேன்.

வெளியே வந்தால் வரிசையில் நின்றிருந்த ஒருவன் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டான். "சார், என்னைத் தெரியுதா? 2006 பேட்ச், ப்ளஸ் டூ." முகம் தெரிந்தது, பெயர் வர இரண்டு நிமிடம் ஆனது. அவன் பார்வை என் கையிலேயே இருந்தது. "சார், கை என்ன சார் ஆச்சு? நீங்க போர்டுல இதயம் வரைஞ்சா நாங்க அப்படியே பாத்துக்கிட்டிருப்போமே."

இந்தக் கேள்வியை இந்த வருடத்தில் எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! வாட்ஸப் குழுவில் நான் போட்ட பேரன் பிறந்தநாள் படத்தில் கேக் வெட்டும் என் கையைப் பார்த்துவிட்டு, "சாருக்குக் குஷ்டமா?" என்று யாரோ தனியாக என் மனைவியிடம் விசாரித்ததாகவும் கேள்வி. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

என் வலது கையில் ஆள்காட்டி விரலின் நுனி மூட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நடுவிரலின் நடு மூட்டு முழுதாக நீளவும் செய்யாது, முழுதாக மடங்கவும் செய்யாது. மோதிர விரல் கணுவின்மேல் ஒரு வீக்கம், பட்டாணி அளவு. ஒரு காலத்தில் அது நெல்லிக்காய் அளவு இருந்தது. இடது கை பரவாயில்லை. இது குஷ்டம் இல்லை, முடக்குவாதமும் இல்லை. யூரிக் ஆசிட் என்று எல்லாரும் சொல்கிறோமே, கௌட், அதுதான். "அது கால் கட்டைவிரல்ல வர்றதுதானே சார்?" என்பீர்கள். ஆமாம், அங்கேதான் தொடங்கும். விட்டால் கைக்கு வரும். பழைய கிரேக்கர்கள் காலில் வருவதற்குப் பொடாக்ரா என்றும் கையில் வருவதற்குக் கிராக்ரா என்றும் தனித்தனிப் பெயரே வைத்திருந்தார்கள்.

எனக்கு முதல் முறை வந்தது 2001 டிசம்பர், அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நாட்கள். வயது 43. ராத்திரி இரண்டு மணி இருக்கும், இடது கால் கட்டைவிரலை யாரோ குறடு வைத்து நெரிப்பதுபோல் விழிப்பு. போர்வையின் நுனி பட்டால்கூட உயிர் போகிறது. மின்விசிறிக் காற்று பட்டாலே வலித்தது என்று சொன்னால் அனுபவிக்காதவர்கள் நம்புவதில்லை. காலையில் விரல் கத்தரிக்காய் நிறத்தில் பளபளவென்று வீங்கியிருந்தது. ஆவடிக்குப் பஸ் ஏற முடியாமல் மூன்று நாள் விடுப்பு. நான்காம் நாள் வலி குறைந்தது. ஒரு வாரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் நடந்தேன்.

அந்த "ஒன்றுமே நடக்காததுபோல்" இருக்கிறதே, அதுதான் என்னை ஏமாற்றியது. வேறு எந்த வியாதியும் இவ்வளவு மரியாதையாகத் தானே விடைபெற்றுப் போகாது. போய்விட்டது என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

பள்ளிக்குத் திரும்பியதும் ஸ்டாஃப் ரூமில் சிரிப்பு. "என்ன சார், ராஜ வியாதியாமே? சாயந்திரம் எந்தக் கடை?" நான் குடிப்பவன் இல்லை. இருந்தும் அன்றிலிருந்து, கேட்டவர்களிடமெல்லாம் கால் சுளுக்கு என்றே சொல்லிவந்தேன். என் அப்பாவுக்கும் இப்படிக் கால் வீங்கும். "வாயு" என்று சொல்லி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு கிடப்பார். அதை அப்போது நான் கோத்துப் பார்க்கவில்லை.

வீட்டில் நடந்தது இன்னொரு கூத்து. பக்கத்து வீட்டு அம்மா சொன்னார் என்று என் மனைவி பருப்பை நிறுத்தினாள், பிறகு கீரை, பிறகு தக்காளி, காலிஃபிளவர், காளான். இரண்டு வருடம் எங்கள் வீட்டில் சாம்பார் என்பது மஞ்சள் தண்ணீர். 2004இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. இறைச்சியும் மீன், இறால் வகைகளும் அதிகம் தின்றவர்களுக்குத்தான் கௌட் கூடுதலாக வந்தது. பருப்பு, கீரை, காளான் தின்றவர்களுக்குக் கூடவில்லை. பால், மோர் சேர்த்தவர்களுக்குக் குறைவாகவே வந்தது. இதை நான் படித்தது பத்து வருடம் கழித்து. படித்துக் காட்டியபோது என் மனைவி, "அப்ப ரெண்டு வருஷ சாம்பாருக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஈரலும் ரத்தப் பொரியலும் எனக்கு உயிர், அதை விட்டேன். பீர், சர்க்கரை போட்ட குளிர்பானம் இரண்டும் கெடுதல் என்பது உறுதியாகியிருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அடிப்படைக் காரணம் சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதுமான அளவு வெளியேற்றாததுதான். அது பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது. என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து. பத்தியத்தால் மட்டும் அதைச் சரிக்கட்டிவிட முடியாது.

இப்போது ஒரு வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லவேண்டும். நான் விலங்கியல் ஆசிரியர். கழிவு நீக்கம் என்று பாடமே இருக்கிறது. அம்மோனியா நீக்கிகள், யூரியா நீக்கிகள், யூரிக் அமில நீக்கிகள். என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், வகுப்பு ஜன்னல் கம்பியில் காக்கை எச்சத்தைக் காட்டி, "அந்த வெள்ளை இருக்கே, அதுதான்டா யூரிக் அமிலம். பல்லி எச்சத்தின் நுனியில் இருக்கும் வெள்ளையும் அதுதான்" என்று சொல்வேன். பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது, அது யூரிக் அமிலத்தை உடைத்துக் கரையும் பொருளாக மாற்றிவிடும், மனிதனிடமும் மனிதக் குரங்குகளிடமும் அந்த ஜீன் பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்பே செயலிழந்துவிட்டது என்றும் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்தான். எழுதிய கைக்குள்ளேயே அது சேர்ந்துகொண்டிருந்தது.

2003இல் மூன்றாவது முறை வந்தபோது ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து, 9.8 இருக்கிறது என்று அலோப்யூரினால் எழுதினார். தினமும் ஒன்று. மூன்று வாரம் போட்டேன். நான்காவது வாரம் கணுக்காலில் பயங்கர வலி! "குணமாக்கும் மாத்திரை போட்டால் வலி கூடுகிறதே, இது நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நானே முடிவு செய்து நிறுத்திவிட்டேன். ஏன் அப்படி வரும் என்று அவர் சொல்லவில்லை. நானும் திரும்பிப் போய்க் கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகளை "சந்தேகம் இருந்தா கைதூக்கு" என்று அதட்டியவன், என் சந்தேகத்துக்குக் கை தூக்கவில்லை.

அதன்பிறகு பதினொரு வருடம் என் வைத்தியம் மெடிக்கல் ஷாப்தான். வலி வந்தால் டைக்ளோஃபெனாக். இரண்டு நாள் தாங்கவில்லை என்றால் தெருமுனை கிளினிக்கில் ஊசி. வருடத்துக்கு இரண்டு என்று வந்தது நான்காகி ஆறானது. நடுவில் ரத்தக்கொதிப்பு வேறு. அதற்குக் கொடுத்த நீர் பிரியும் மாத்திரை யூரிக் அமிலத்தை ரத்தத்தில் தேக்கிவைக்கும் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

வலி இல்லாத மாதங்களில் உடம்பு சும்மா இருப்பதில்லை. ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்து நிற்காது, படிகமாக இறங்கத் தொடங்கும். சர்க்கரைப் பாகு ஆறினால் கல்கண்டு பிடிக்கிறதே, அதுபோல. உடம்பின் நடுப்பகுதியைவிடக் கை கால் நுனிகள் குளிர்ந்தவை, அதனால் அங்கே எளிதில் படியும். எனக்கு நோவு கொடுத்தது வருடத்தில் முப்பது நாள் என்றால், மீதி 335 நாளும் மூட்டுக்குள் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது.

கையில் முதலில் தெரிந்தது 2010 வாக்கில். ஆள்காட்டி விரல் நுனி மூட்டில் ஒரு கடினமான புடைப்பு. வலிக்கவில்லை. வயசானால் மூட்டு தேயும், அதுதான் என்று நினைத்தேன். அந்த மூட்டில் தேய்மானமும் அப்படித்தான் புடைக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிறகு மோதிர விரல் கணு. பிறகு காது மடலில் அரிசிபோல ஒன்று. சாக்பீஸைக் கிள்ளிப் பிடிக்க முடியாமல் முழு விரல்களாலும் கட்டிப் பிடித்து எழுதினேன். நீலமும் சிவப்புமாக நான் வரையும் இதயப் படத்தில் மகாதமனி வளைவு ஒரே இழுப்பில் வரும், முப்பது வருடப் பழக்கம். அது கோணத் தொடங்கியது. ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து, "சார், சார்ட் ஒட்டிக்கலாமா சார்?" என்றான் ஒருவன். கிண்டல் இல்லை, பாவம், உதவியாகத்தான் கேட்டான். அன்றிலிருந்து சார்ட்தான்.

2014 ஆகஸ்ட். பதினொன்றாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கணு வீக்கத்தின்மேல் தோல் மெலிந்து மஞ்சளாகி இருந்தது, மேசை விளிம்பில் இடித்ததும் பிளந்துவிட்டது. ரத்தம் அதிகம் இல்லை. வெள்ளையாக, குழைத்த சுண்ணாம்புபோல, பற்பசைபோலப் பிதுங்கி வந்தது. முன்வரிசைப் பெண் பிள்ளை, "சார், கைல சாக்பீஸ் பவுடர் ஒட்டியிருக்கு" என்று டஸ்டரை நீட்டினாள். நான் அதை வாங்கித் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது.

அன்று சாயங்காலம் வெளியே எடுத்து உலர்ந்த அந்தத் தூளைக் கொஞ்சம் ஒரு கண்ணாடித் துண்டில் வைத்துப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தேன். ஆசிரியர் புத்தி, என்ன செய்ய. ஊசி ஊசியாக, இருபக்கமும் கூர்மையாக, கண்ணாடி இழைபோலக் குவியல். 1679இல் ஹாலந்துக்காரர் லேவன்ஹூக் இதையேதான் பார்த்தார். கண்ணுக்குச் சுண்ணாம்பாகத் தெரிகிறது, நுண்ணோக்கியில் பார்த்தால் அது சுண்ணாம்பே இல்லை, நீண்ட ஒளிபுகும் துகள்கள் என்று வியந்து எழுதி வைத்திருக்கிறார். நான் வியக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மறுவாரம் அம்பத்தூரில் ரயில் ஏறி, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். மூட்டு வாத நோய்களுக்கென்றே அங்கே தனித் துறை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. கூட்டம், காத்திருப்பு எல்லாம் வழக்கம்போல. பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். என் பேத்தி வயது இல்லை, மகள் வயது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இங்க பாருங்க சார், எலும்பு ஓரத்துல எலி கடிச்ச மாதிரி இருக்கா? படிகம் உள்ள உட்கார்ந்து எலும்பையே அரிச்சிருக்கு" என்றார். யூரிக் அமிலம் 10.6. கிரியேட்டினின் 1.6, வலி மாத்திரைகளும் ரத்தக்கொதிப்புமாகச் சேர்ந்து சிறுநீரகத்தைப் பதம் பார்த்திருந்தன. "என்ன சப்ஜெக்ட் எடுக்குறீங்க சார்?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி.

பதினொரு வருடம் முன்பு யாரும் சொல்லாததை அவர் நான்கு நிமிடத்தில் சொன்னார். மாத்திரை போட்டு ரத்தத்தில் அளவு இறங்கும்போது, மூட்டில் படிந்த படிகம் கரைந்து அசையத் தொடங்கும். அசைந்தால் வெள்ளணுக்கள் அதை எதிரி என்று நினைத்துப் பாயும். வலி வரும். ஆக, முதல் சில மாதம் வரும் வலி மருந்து வேலை செய்வதால் வருவது. அதைத் தாங்கத்தான் கூடவே குறைந்த அளவில் கோல்சிசின் கொடுப்பார்கள். அலோப்யூரினாலை 100 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். என்னைப்போல் கட்டி விழுந்தவர்களுக்கு ரத்த அளவு 5க்குக் கீழே போகவேண்டும். இடையில் வலி வந்தாலும் நிறுத்தக் கூடாது. தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு ஓடி வரவேண்டும், அது ஆபத்து. நீர் பிரியும் மாத்திரையை எடுத்துவிட்டு லோசார்டன் கொடுத்தார், அது யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் வெளியேற்றும்.

அலோப்யூரினால் உருவாகக் காரணமான இருவரில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையார். ஹிட்ச்சிங்ஸ் என்பவரோடு சேர்ந்து 1988இல் நோபல் பரிசு வாங்கியவர். பெண் என்பதாலேயே ஆய்வக வேலை மறுக்கப்பட்டு, கொஞ்ச காலம் நியூயார்க் பள்ளிகளில் வேதியியல் வாத்தியாராக இருந்தவர். நம்ம ஆள்! தினமும் காலையில் மாத்திரையைப் பிரிக்கும்போது ஒரு சக ஆசிரியைக்கு வணக்கம் வைப்பது என் வழக்கம்.

கோல்சிசின் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலில் கால்ச்சிசின் என்று வரும், செல் பிரிதலை நிறுத்திக் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் பொருள். அதேதான் இது. இந்த மருந்துச்சத்து நம் மாநில மலரான செங்காந்தளில் இருக்கிறது. கார்த்திகைப் பூ, கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்றெல்லாம் சொல்வோம். ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கம் இதைத் தோட்டமாகவே போட்டு, விதையை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். 2017இல் தாராபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்துக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி ஒரு தோட்டத்தில் இறங்கிவிட்டேன். கம்பிப் பந்தலில் கொடி ஏறி, பாதி மஞ்சள் பாதி சிவப்பாக ஆயிரக்கணக்கில் பூ. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக வேலை செய்வதைப் பிள்ளைகளுக்குப் படத்தில்தான் காட்டியிருக்கிறேன்.

அந்தக் காலை வேளையில் பெண்கள் வரிசையாக நின்று ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டுக்கொண்டிருந்தார்கள். செங்காந்தளின் சூல்தண்டு, மகரந்தத்தை விட்டு விலகிச் செங்குத்தாக ஒடிந்து திரும்பியிருக்கும். காற்றையும் பூச்சியையும் நம்பினால் காய் சரியாகப் பிடிக்காது. அதனால் மகரந்தத்தை எடுத்து ஒவ்வொரு பூவின் சூல்முடியிலும் மனிதர்கள்தான் வைக்கவேண்டும். என் மனைவி, "கல்யாணத்துக்கு நேரமாகுதுங்க" என்று வண்டியிலிருந்து கூப்பிடுகிறாள். நான் அந்தப் பெண்களின் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்குக் காந்தளை உவமை சொன்னார்கள். காந்தளால் விரலுக்கு இப்படியும் ஒரு தொடர்பு வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. என் மாத்திரையில் இருந்தது எந்த வயலின் விதையோ.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் காந்தள் கிழங்கைத் தேடிப் போகாதீர்கள். கொடிய விஷம். கிழங்கைத் தின்று உயிர் விட்டவர்கள் நம் ஊர்களில் ஏராளம். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம், அதுவும் அளவு கூடினால் ஆபத்து, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் ஆபத்து.

எட்டாவது மாதத்தில் என் அளவு 5க்குக் கீழே வந்தது. அதற்குள் நான்கு முறை வலி வந்தது, நான்கு முறையும் நிறுத்தவில்லை. காது மடல் அரிசி முதலில் காணாமல் போனது. கணுக் கட்டி கரைய மூன்று வருடம் ஆனது, இன்னும் பட்டாணி மிச்சம். 2017க்குப் பிறகு வலி ஒரு தடவைகூட வரவில்லை. படிகம் கரைந்துவிட்டது, ஆனால் அது அரித்த எலும்பு திரும்ப முளைக்கவில்லை. சாய்ந்த விரல் சாய்ந்ததுதான். அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டேன். புண் ஆற நாளாகும், மூட்டு அசைவு திரும்பும் என்று உறுதி இல்லை, சீழ் பிடித்தாலோ நரம்பை அழுத்தினாலோ பார்க்கலாம் என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

வலியே இல்லை, ஆனால் கை இப்படி. இதை வெளியாருக்கு விளக்குவதுதான் கஷ்டம். வங்கியில் கையெழுத்து பொருந்தவில்லை என்று காசோலை திரும்பியது, புதிதாக மாதிரிக் கையெழுத்து கொடுத்தேன், அதுவும் ஒரு வருடத்தில் மாறிவிட்டது. சட்டைப் பித்தான் போட ஐந்து நிமிடம். பேனாவுக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தேன். டி.ஐ. சைக்கிள் கம்பெனியால் பேர் வாங்கிய ஊர் இல்லையா எங்களுடையது, பழைய சைக்கிள் ஹேண்டில் ரப்பரை வெட்டிப் பேனாவில் மாட்டிக்கொண்டேன். தடிமனாக இருப்பதால் பிடிக்க வருகிறது. பேரன் அதற்கு "தாத்தா பைக்" என்று பெயர் வைத்திருக்கிறான்.

எல்லாவற்றையும்விட, சோறு. சாம்பார் சாதத்தைப் பிசைந்து எடுக்க ஐந்து விரலும் ஒன்றாகக் குவியவேண்டும். எனக்குக் குவியாது. இடுக்கு வழியே ஒழுகும். வீட்டில் ஸ்பூன், பழகிவிட்டது. திருமுல்லைவாயலில் ஒரு கல்யாணப் பந்தியில் இலைமுன் உட்கார்ந்து பையிலிருந்து ஸ்பூனை எடுத்தேன். எதிர்ப் பந்தியில் என்னோடு வேலை பார்த்தவர், "வாத்தியார் ஃபாரின் ரிட்டர்னு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரசம் வரும்போது எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை, மொய் எழுதிவிட்டு வந்துவிடுவேன். மனைவிதான் ஒருநாள், "இனிமே நானும் ஸ்பூன்லயே சாப்பிடுறேன், யாரு சிரிக்கிறாங்கன்னு பாக்கலாம்" என்று இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது இரண்டு பேரும் அப்படித்தான் சாப்பிடுகிறோம்.

ரேஷன் கடை மாணவனிடம் வருகிறேன். (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.) அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். வயது 36. காபி குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினான். இடது கால் கட்டைவிரல். வீக்கம் வடிந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. எனக்கு 2001 டிசம்பர் கண்முன் வந்தது.

"மூணாவது தடவை சார். சேஃப்டி ஷூ போடாம உள்ள விட மாட்டாங்க. அதைப் போட்டுக்கிட்டு எட்டு மணி நேரம் நின்னேன் சார், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. தண்ணியடிச்சு வந்ததுன்னு சொல்லிடுவாங்க."

"அடிப்பியா?"

"சனிக்கிழமை பீர் மட்டும் சார்." வாத்தியாரிடம் சொல்கிறோமே என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"மெடிக்கல்ல ஒரு மாத்திரை குடுப்பாங்க சார். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வலது கையை மேசைமேல் வைத்து, "நல்லா பாத்துக்க. நானும் ரெண்டு நாள்ல சரியாயிடும்னுதான் இருந்தேன்" என்றேன். அவன் தொட்டுப் பார்த்தான். பட்டாணியை, சாய்ந்த மூட்டை. "வலிக்குதா சார்?" "இல்லடா. இப்ப இல்ல."

மறுநாள் ரத்தம் கொடுத்தான். 9.4. அவனுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, டாக்டரிடம் போய் முறையாகத் தொடங்கினான். பீர் நின்றதா என்று நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். மூன்றாவது வாரம், ராத்திரி பதினொன்றரைக்குப் போன். "சார், மாத்திரை ஒழுங்கா போட்டும் திரும்ப வந்துடுச்சு சார். நிறுத்திடவா?" குரலில் அழுகை. நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, அந்தப் பெண் டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே அவனுக்குச் சொன்னேன். கல்கண்டு, அசைவு, வெள்ளணு எல்லாம். நாற்பது நிமிடம் ஆனது, ஒரு பீரியடு. விளக்கைப் போட்ட என் மனைவி, "ரிட்டயர் ஆயி ஒம்போது வருஷம் ஆச்சு" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். காலையில் டாக்டரைப் பார்த்தான், வலிக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள், பழையது தொடர்கிறது.

நேற்று வாட்ஸப்பில் ரிப்போர்ட் அனுப்பியிருந்தான். 6.9. இன்னும் இறங்கவேண்டும், அடுத்த மாதம் அளவைக் கூட்டுவார்களாம். எனக்கு வரும் வியாழக்கிழமை பரிசோதனை, இரண்டு பேரும் சேர்ந்தே போவதாக இருக்கிறோம்.

இவ்வளவும் இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மூன்று நாளாகத் தட்டியது. ஒற்று விட்டுப் போயிருந்தால் தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும். கமெண்டில் மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள், அது டாக்டர் சொல்லவேண்டியது. வேறு எது கேட்டாலும் சொல்கிறேன், பதில் வரக் கொஞ்சம் நேரமாகும்.